இருட்டில் மூன்று குரல்கள்: வானொலி நாடகத்தை எழுதுவது முதல் ஒலிப்பதிவு வரை

1924 ஜனவரி 15 அன்று பிபிசி ஒரு சிறு நாடகத்தை ஒலிபரப்பியது. எழுதியவர் ரிச்சர்ட் ஹியூஸ். வேல்ஸில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தைப் பார்க்க வந்தவர்கள் உள்ளே இருக்கும்போது விளக்குகள் அணைந்துவிடுகின்றன. பாத்திரங்களுக்கும் எதுவும் தெரியவில்லை, கேட்பவர்களுக்கும் தெரியவில்லை. வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகங்களில் ஒன்றாக இன்றும் இதைச் சொல்கிறார்கள். கண்ணுக்கு வேலையில்லாத ஊடகம் என்பதை ஒரு குறையாக எண்ணிச் சமாளிக்காமல், அதையே கதையாக்கியதில்தான் அந்த நாடகத்தின் அறிவு இருக்கிறது.

இந்த வழிகாட்டியை ஒரு சொந்த நாடகத்தை வைத்தே எழுதுகிறேன். பன்னிரண்டு நிமிடம், மூன்று பேர், ஒரே இடம். மானாமதுரை பஸ் நிலையம், இரவு பதினொரு மணி. கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட சென்னை இளைஞன் செல்வம். டீக்கடைக்காரர். துணியில் சுற்றிய கடம் ஒன்றைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மூதாட்டி. இறந்துபோன கணவர் கடைசியாகச் செய்த கடம் அது. விற்பதற்காக எடுத்துப் போகிறாள். பேச்சுவாக்கில் அதைத் தட்டிக் காட்டுகிறாள். கடத்தில் விரிசல். ஓசையிலேயே அது தெரிந்துவிடுகிறது, செல்வத்துக்கும் கடைக்காரருக்கும் கேட்பவர்களுக்கும். காது மந்தமான மூதாட்டிக்கு மட்டும் தெரியவில்லை. சொல்வதா வேண்டாமா என்பதுதான் நாடகம்.

எழுதுவது, குரல் தேர்வது, ஒலிப்பதிவு செய்வது என்று இந்த வேலையை மூன்றாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். எனக்கு மூன்றும் ஒன்றுதான். ஒரு பாத்திரத்தின் குரல் எழுதும் மேசையிலேயே பிறந்துவிட வேண்டும். அங்கே பிறக்காத குரலை எந்த நடிகராலும் எந்த மைக்காலும் உண்டாக்க முடியாது.

முதல் படி: காதால் மட்டும் நடக்கக்கூடிய கதையா?

கதை கையில் கிடைத்ததும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் கதையின் திருப்பம் எந்தச் சத்தத்தில் நடக்கிறது? விடை இல்லையென்றால் அது மேடைக்கோ திரைக்கோ உரிய கதையாக இருக்கலாம். ஒரு பார்வை, ஒரு கண்ணீர்த்துளி, சுவரில் மாட்டிய படம் என்று திருப்பம் காட்சியில் இருந்தால், கடைசியில் யாராவது ஒருவர் அதை வாய்விட்டு விளக்க நேரிடும். அப்போதே நாடகம் செத்துவிடுகிறது. எங்கள் கதையில் திருப்பம் ஒரு தட்டில் இருக்கிறது. நல்ல கடம் கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது அடித்தொண்டையில் இருமுவது போல ஒலிக்கும். ஒரு வார்த்தை தேவையில்லை.

பாத்திரங்களின் எண்ணிக்கையில் கடுமையாக இருங்கள். முதல் நாடகத்துக்கு மூன்று போதும், நாலுக்கு மேல் வேண்டாம். காட்சியில் இருந்தும் பேசாத பாத்திரம், கேட்பவரைப் பொறுத்தவரை அங்கே இல்லை. அரை நிமிடத்துக்கு மேல் ஒருவர் மௌனமாக இருந்தால், வேறொருவர் அவர் பெயரைச் சொல்லியோ, அவரே ஒரு இருமலாலோ, டீ கிளாஸை வைக்கும் சத்தத்தாலோ தன் இருப்பைக் காட்ட வேண்டும். ஆறு பேர் உள்ள காட்சியில் இந்த வருகைப்பதிவுக்கே வசனமெல்லாம் செலவாகிவிடும்.

ஏற்கெனவே அச்சான சிறுகதையைத் தழுவுவதாக இருந்தால் உரிமையை முதலில் பாருங்கள். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரையும், இலங்கையில் 70 ஆண்டுகள் வரையும் பதிப்புரிமை நீடிக்கிறது. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்துகளுக்கு இந்தத் தடை இல்லை. அந்தப் பட்டியலில் நாடகமாகக் காத்திருக்கும் கதைகள் நிறையவே உள்ளன.

இரண்டாம் படி: எழுதுவது

தமிழில் வானொலி நாடகம் எழுதுகிறவருக்கு உள்ள ஒரு பெரிய தலைவலி, பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். பிரதியில் எழுத்துத் தமிழ் இருந்தால் நடிகர் அதை வாசிப்பார், பேசமாட்டார். ஆகவே ஒலிப்பதிவுக்குக் கொண்டுபோகும் படியில் வசனம் முழுவதும் அந்தப் பாத்திரத்தின் ஊர்ப்பேச்சில் இருக்க வேண்டும், எழுத்துப்பிழை போலத் தோன்றினாலும் பரவாயில்லை. இங்கே வாசிக்க வசதியாக எடுத்துக்காட்டுகளை எழுத்துத் தமிழில் தருகிறேன். உங்கள் நடிகரின் வாய்க்கு நீங்கள்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

எங்கள் நாடகத்தின் முதல் வரைவில் செல்வம் இப்படி நுழைந்தான்:

செல்வம்: அடடா, பஸ் போய்விட்டதே! இதோ, நீலச் சேலை கட்டிய ஒரு பாட்டி, கடத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே!

தனியாக நிற்கும் எந்த மனிதனும் கண்ணால் கண்டதை இப்படி அறிவித்துக்கொண்டிருக்க மாட்டான். மாற்றி எழுதியது இது:

ஒலி: பஸ் ஒன்று கிளம்பித் தொலைவில் மறைகிறது. அருகில் பாய்லர் கொதிக்கிறது. ஓடிவரும் காலடி.
செல்வம்: (மூச்சிரைக்க) அண்ணே, மதுரை பஸ்...
கடைக்காரர்: அதுதான் போகிறது. இனி விடிந்துதான்.
செல்வம்: அதுவரைக்கும் இங்கேயேவா...
ஒலி: பெஞ்ச் நகர்கிறது.
அப்பத்தா: (சற்று உரக்க) பார்த்து அப்பு, பார்த்து! காலடியில் கடம் இருக்கிறது.
செல்வம்: ஐயோ, மன்னியுங்கள் பாட்டி. கவனிக்கவில்லை.
கடைக்காரர்: இன்னும் பக்கத்தில் போய்ச் சொல், தம்பி. அப்பத்தாவுக்குக் காது மந்தம்.

ஏழு வரிகூட இல்லாத வசனம். இடம், நேரம், கடம், காது மந்தம் நான்கும் வந்துவிட்டன. எதையும் யாரும் விளக்கவில்லை. ஒருவர் இன்னொருவரை எச்சரித்தார், ஒருவர் இன்னொருவருக்கு வழி சொன்னார். கேட்பவருக்குத் தர வேண்டிய செய்தியை எப்போதும் ஒரு பாத்திரத்தின் தேவைக்குள் வைத்து அனுப்புங்கள். நீலச் சேலை போய்விட்டது என்பதையும் கவனியுங்கள். அது யாருக்கும் தேவைப்படவில்லை.

உறவுச்சொல் செய்யும் வேலையையும் பாருங்கள். கடைக்காரர் "அப்பத்தா" என்கிறார், செல்வம் "பாட்டி" என்கிறான். அந்த ஒரு சொல்லில் அவன் வெளியூர்க்காரன் என்பது சிவகங்கைப் பக்கத்துக் காதுக்கு உடனே புரிந்துவிடும். இதே காட்சி திருநெல்வேலியில் நடந்தால் அவள் ஆச்சி. புதுக்கோட்டை, திருச்சிப் பக்கமானால் அப்பாயி. அம்மாவைப் பெற்றவள் கொங்குநாட்டில் அம்முச்சி, இஸ்லாமியக் குடும்பத்தில் உம்மம்மா. திரைக்கதை எழுதுகிறவர் உடையாலும் வீட்டாலும் காட்டுவதை நாம் இந்தச் சொற்களால் காட்டுகிறோம். இவ்வளவு நுட்பமான கருவி எத்தனை மொழிகளுக்கு வாய்த்திருக்கிறது என்று எழுதும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இலங்கை வானொலியில் எஸ். ராம்தாஸ் எழுதிய கோமாளிகளின் கும்மாளம் என்ற தொடரை வயதான நேயர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் என்று நான்கு பேர். முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், பிராமணத் தமிழ் என்று நான்கு தமிழ். யார் பேசுகிறார்கள் என்று ஒரு நொடிகூடக் குழப்பம் வராது. 1976இல் அது கோமாளிகள் என்று திரைப்படமாகவும் வந்தது. வானொலிக்காக எழுத நினைக்கிறவர் அதில் நகைச்சுவையைவிட முதலில் கற்க வேண்டியது அந்தப் பிரிப்பை. பெயர்களை மறைத்துவிட்டு உங்கள் பிரதியை வாசியுங்கள். எந்த வரி யாருடையது என்று தெரியவில்லையென்றால், குரல் தேர்வுக்குப் போகாமல் மேசைக்கே திரும்புங்கள்.

வட்டார வழக்கு மட்டுமே வழியல்ல. ஒரே ஊர், ஒரே குடும்பத்து அண்ணன் தம்பிக்கும் பேச்சு வேறு. ஒருவர் கேள்விக்குக் கேள்வியால் பதில் சொல்வார். ஒருவர் வாக்கியத்தை முடிக்கவே மாட்டார். எங்கள் கடைக்காரருக்கு நான் விதித்துக்கொண்டது, ஒரு மூச்சில் ஐந்து சொற்களுக்கு மேல் பேசக்கூடாது என்பது. ஒரே ஒரு இடத்தில் அவர் அதை மீறுகிறார்: கடத்தின் உண்மையைச் சொல்லாதே என்று செல்வத்தைக் கெஞ்சும் இடத்தில். கேட்பவர்கள் விதியை அறியமாட்டார்கள். மீறலை உணர்வார்கள்.

நீளத்துக்கு ஒரு கணக்கு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. இயல்பான நாடகப் பேச்சில் நிமிடத்துக்குச் சுமார் நூறு சொற்கள் போகும் என்பது என் அனுபவம். பன்னிரண்டு நிமிடத்தில் ஒலிகளுக்கும் மௌனத்துக்கும் இரண்டு நிமிடம் விட்டால், ஆயிரம் சொல் வசனம். முதல் வரைவு ஆயிரத்தைந்நூறு வரும், எல்லோருக்கும் வரும். வெட்டுங்கள்.

மௌனத்தையும் எழுதுங்கள். "இடைவெளி" என்று மட்டும் எழுதினால் போதாது. அந்த இடைவெளியில் என்ன கேட்கிறது என்று எழுத வேண்டும். அப்பத்தா கடத்தைத் தட்டிய பிறகு எங்கள் பிரதியில் இருப்பது: "யாரும் பேசவில்லை. பாய்லர் மட்டும். தொலைவில் ஒரு நாய். அப்பத்தா மறுபடி தட்டுகிறாள்."

பிரதியின் வடிவம் பற்றிச் சுருக்கமாக: ஒவ்வொரு வசனத்துக்கும் வரிசை எண் போடுங்கள். பதினான்கு புள்ளி எழுத்து, இரட்டை இடைவெளி. ஒருவர் வசனம் பக்கம் தாண்டி ஓடக்கூடாது. ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிடுங்கள், ஸ்டேப்ளர் பின் அடிக்காதீர்கள்.

மூன்றாம் படி: குரல் தேர்வு

என் முதல் நாடகத்தில் அம்மாவாகவும் மகளாகவும் நடித்த இருவரும் அருமையான நடிகைகள். தனித்தனியாகக் கேட்டபோது இருவரும் பாத்திரமாகவே இருந்தார்கள். ஒலிபரப்பான மறுநாள், டீக்கடையில் கேட்ட ஒரு பெரியவர், "அந்தப் பெண் ஏன் தனக்குத்தானே சண்டை போடுகிறாள்?" என்று கேட்டார். இருவர் குரலும் ஒரே உயரம், ஒரே வேகம். அன்று கற்றதுதான் குரல் தேர்வில் எனக்கு முதல் பாடம்: ஒரு குரலைத் தனியாகத் தேர்ந்தெடுக்கவே கூடாது. ஜோடி ஜோடியாகத்தான் தேர வேண்டும்.

செய்முறை இது. வருகிறவரைப் பார்க்காமல் முதுகு காட்டி உட்காருங்கள். முகமும் உடலும் நம் காதை ஏமாற்றும். ஒல்லியான மனிதரிடமிருந்து வரும் கனத்த குரலைக் கண் நம்ப மறுக்கும். பிரதியை உடனே கொடுக்காதீர்கள். "இன்று காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து இங்கே வந்துசேர்ந்தது வரை சொல்லுங்கள்" என்று கேளுங்கள். இரண்டு நிமிடப் பேச்சில் அவருடைய இயற்கையான வேகம், மூச்சு, ஊர்ப்பேச்சு எல்லாம் வெளியே வந்துவிடும். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பிறகு பிரதியில் அரைப் பக்கம். பேசியதற்கும் வாசித்ததற்கும் உள்ள தூரம்தான் நீங்கள் ஒத்திகையில் கடக்க வேண்டிய தூரம்.

வீட்டுக்குப் போய்ப் பதிவுகளை அடுத்தடுத்து ஓட்டிக் கேளுங்கள். நான் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்வேன்: குரலின் உயரம், வேகம், கரகரப்பு, மூச்சு. எந்த இரண்டு பாத்திரங்களும் இவற்றில் குறைந்தது இரண்டில் வேறுபட வேண்டும். செல்வத்துக்கு மெல்லிய, வேகமான, மூச்சு கேட்கும் குரல் வேண்டியிருந்தது. கடைக்காரருக்குத் தாழ்ந்த, நிதானமான, புகையிலை போட்ட தொண்டை. அப்பத்தாவுக்கு வயது அறுபத்தெட்டான ஒருவரே கிடைத்தார்.

வயதான பாத்திரத்துக்கு வயதானவரையே தேடுங்கள். இருபத்தைந்து வயதுப் பெண் குரலை நடுங்க வைத்துப் பாட்டியாகப் பேசுவதை மேடை மன்னித்துவிடும், மைக் மன்னிக்காது. முதுமை நடுக்கத்தில் இல்லை. வாக்கியத்தின் நடுவே மூச்சு தீர்ந்துபோவதில், பல் இல்லாத இடத்தில் "ச" மாறி ஒலிப்பதில், அவசரமே இல்லாததில் இருக்கிறது. குழந்தைப் பாத்திரத்துக்கும் இதையே சொல்வேன். பத்து வயதுப் பிள்ளைக்குப் பொறுமை இருபது நிமிடம்தான். அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

நல்ல குரல்கள் பல, வாசிக்கத் தடுமாறுகிறவர்களிடம் இருக்கின்றன. எங்கள் அப்பத்தா எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அவரைப் பிரதியோடு மைக் முன் நிறுத்தியிருந்தால் அந்தக் குரலை இழந்திருப்போம். கூத்து வாத்தியார்கள் பாடம் சொல்லித் தருவது போல, வரிவரியாகச் சொல்லி அவர் திருப்பிச் சொல்லப் பழக்கினோம். மூன்று மாலை ஆயிற்று. நான் எழுதிய சொற்களில் பாதியை அவர் தன் சொற்களாக மாற்றிவிட்டார். ஒவ்வொன்றும் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. பிரதியைத் திருத்திக்கொண்டேன்.

மேடையில் பழகியவர் கடைசி வரிசைக்குப் பேசுவார். வானொலியில் கேட்பவர் ஒருவரே, ஒரு முழத் தூரத்தில் இருக்கிறார் என்பதை அவருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். செய்தி வாசித்துப் பழகியவரிடம் வேறொரு சிக்கல்: எல்லாச் சொல்லும் சம எடையோடு, அழகாக, தெளிவாக வரும். மனிதர்கள் பேசும்போது பாதிச் சொற்களை விழுங்குகிறார்கள். டப்பிங் கலைஞர்களுக்கு மைக் நுட்பம் கைவந்தது, ஆனால் எதிரே உதட்டசைவு இல்லாதபோது தொடக்கத்தில் சற்றுத் தடுமாறலாம். ழகர, ளகர, லகர வேறுபாட்டைப் பொறுத்தவரை என் கருத்து இது: பாத்திரத்தின் ஊரும் வளர்ப்பும் எப்படியோ அப்படியே ஒலிக்கட்டும். தமிழாசிரியர் பாத்திரம் "வாளைப்பளம்" என்றால் அது பிழை. டீக்கடைக்காரரைத் திருத்தினால் பாத்திரம் போய்விடும்.

ஊதியத்தை முதல் சந்திப்பிலேயே பேசிவிடுங்கள். பணம் தர முடியாவிட்டால் அதையும் வெளிப்படையாகச் சொல்லி, பதிவை எங்கெல்லாம் பயன்படுத்துவீர்கள் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள்.

நான்காம் படி: ஒத்திகை

முதல் ஒத்திகை உட்கார்ந்து வாசிப்பது. நான் கண்ணை மூடிக்கொள்வேன். எந்த இடத்தில் யார் பேசுகிறார் என்று தயங்கினேனோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. இரண்டாவது ஒத்திகை எழுந்து நடந்து, கையில் உண்மையான பொருளோடு. டீ குடிக்கும் காட்சியில் டீ இருக்கட்டும். சூடான கிளாஸை விரல்நுனியில் பிடித்திருப்பவரின் பேச்சு வேறு, வெறுங்கையோடு நிற்பவரின் பேச்சு வேறு. பாரம் தூக்கிக்கொண்டு பேசும் வசனத்துக்கு ஒரு அரிசிப் பையைத் தூக்கச் சொல்லுங்கள். உடல் பொய் சொன்னால் குரலும் பொய் சொல்லும்.

பென்சிலால் மூச்சுக் குறியிடப் பழக்குங்கள். மூச்சை எங்கே எடுப்பது என்பதை நடிகர் முடிவு செய்யாவிட்டால் நுரையீரல் முடிவு செய்யும், அதுவும் தவறான இடத்தில்.

ஐந்தாம் படி: அறையும் மைக்கும்

ஒலிக்கூடம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். வீட்டில் சின்ன அறை எதுவோ அதைத் தேர்ந்தெடுங்கள். ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். தட்டியதற்குப் பிறகு "ணங்" என்று வால் நீண்டால் அறை இன்னும் காலியாக இருக்கிறது. மெத்தையைச் சுவரில் சாய்த்து வையுங்கள், துணி நிறைந்த பீரோவைத் திறந்து வையுங்கள், கயிறு கட்டிக் கனமான போர்வைகளைத் தொங்கவிடுங்கள். முட்டை அட்டை ஒட்டுவது பெரிதாகப் பயன்தராது. எதிரொலியைக் குடிப்பது கனமும் தடிப்பும்தான்.

மின்விசிறி, ஏசி, டியூப் லைட்டின் ரீங்காரம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். குளிர்சாதனப் பெட்டியை நிறுத்தும்போது உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். வெளியே கிளம்பும்போது அதை மறுபடி இயக்க மறக்க மாட்டீர்கள். நம் தெருக்களில் காகம் அடங்கி, குக்கர் விசில் ஓய்ந்து, நாய் இன்னும் தொடங்காத நேரம் இரவு ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை. நான் பெரும்பாலும் அப்போதுதான் பதிவு செய்கிறேன்.

மைக்கில் இரண்டு வகையை அறிந்தால் போதும். கண்டென்சர் மைக் நுணுக்கமானது. மூச்சையும் பிடிக்கும், பக்கத்து வீட்டையும் பிடிக்கும். அதற்குப் பெரும்பாலும் 48 வோல்ட் மின்சாரம் தரும் இடைக்கருவி (ஆடியோ இன்டர்ஃபேஸ்) வேண்டும். டைனமிக் மைக் அருகில் உள்ளதை மட்டும் கேட்கும், தெருச்சத்தத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. சத்தமான தெருவில் இருப்பவர் டைனமிக்கை வாங்குங்கள். எதுவும் இல்லாவிட்டால், நல்ல கைப்பேசியைப் போர்வைகளுக்கு நடுவே நிறுத்தி வைத்துப் பதிவு செய்ததும் ஒலிபரப்பாகியிருக்கிறது. நடிப்பு சரியாக இருந்தால் கேட்பவர் மைக்கின் விலையை விசாரிக்க மாட்டார்.

தூரத்துக்கு எங்கள் குழுவில் நம் பழைய அளவைதான். மனதுக்குள் பேசுவதும் ரகசியமும் நான்கு விரற்கடைத் தூரத்தில். சாதாரணப் பேச்சு ஒரு சாண். உரத்த பேச்சு ஒரு முழம், முகத்தைச் சற்றே திருப்பி. "ப" வரும் சொற்களில் காற்று மைக்கில் மோதுவதைத் தவிர்க்க, மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கன்னத்தின் பக்கம் கொஞ்சம் விலக்கி வையுங்கள். தொலைவிலிருந்து வருகிறவர் உண்மையாகவே பக்கவாட்டிலிருந்து நடந்து வரட்டும். ஒலியளவைப் பின்னால் குறைத்துத் தொலைவைக் காட்ட முடியாது. தொலைவில் நிற்பவரின் குரலோடு அறையும் சேர்ந்தே ஒலிக்கும் என்பதைக் காது அறியும்.

பதிவு செய்யும் மென்பொருளில் வைக்க வேண்டிய அமைப்பு: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் (WAV) கோப்பு. ஒலியளவின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அருகே நிற்கட்டும். அளவுகாட்டியில் சிவப்பைத் தொட்ட ஒலி உடைந்த ஒலி, அதை ஒட்ட முடியாது. கூச்சலுக்கு முன் ஒருமுறை அதே பலத்தில் கத்தச் சொல்லி அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: ஒலிப்பதிவு நாள்

முடிந்தவரை எல்லா நடிகரையும் ஒரே அறையில் நிறுத்துங்கள். தனித்தனியாகப் பதிவு செய்து ஒட்டினால் வசனங்கள் ஒன்றையொன்று தொடரும், ஆனால் கேட்டுக்கொள்ளாது. செல்வமும் கடைக்காரரும் அப்பத்தாவுக்குக் கேட்காதபடி தணிந்து பேசும் காட்சியை நான்கு முறை எடுத்தோம். நான்காவது முறை அப்பத்தாவாக நடித்தவர் தன் வரியில்லாத இடத்தில் வெற்றிலை இடிக்கத் தொடங்கினார். அந்த இடிக்கும் சத்தத்தின் மேல் அவர்கள் குரலைத் தணித்துப் பேசிய பதிவுதான் நாடகத்தில் இருக்கிறது.

ரகசியமாகப் பேசுவது மெதுவாகப் பேசுவது அல்ல. சத்தம் குறையும்போது உந்துதல் கூட வேண்டும். இதை ஒவ்வொரு நடிகருக்கும் ஒருமுறையாவது சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு டேக்குக்கு முன்னாலும் எண் சொல்லிப் பதிவு செய்யுங்கள்: "காட்சி இரண்டு, வரி பதினான்கு முதல், டேக் மூன்று." உதவியாளர் அதைப் பிரதியில் குறிக்கட்டும், நல்லதுக்கு ஒரு வட்டம். நடிகர் தடுக்கினால் பதிவை நிறுத்தாதீர்கள். அந்த வாக்கியத்துக்கு முந்தைய வாக்கியத்திலிருந்து தொடரச் சொல்லுங்கள். தாளைத் திருப்பும் சத்தம் வசனத்தின் மேல் விழாதபடி, பக்கங்களைப் பிரித்து, படித்ததை ஓசையில்லாமல் கீழே நழுவவிடச் சொல்லுங்கள். தண்ணீர் அறை வெப்பத்தில் இருக்கட்டும். பால், தயிர் வேண்டாம், தொண்டையில் கோழை கட்டியது போலத் தோன்றும்.

எல்லாம் முடிந்ததும் ஒருவரையும் வெளியே விடாமல், ஒரு நிமிடம் அசையாமல் நிற்கச் சொல்லி வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். தொகுப்பின்போது வெட்டிய இடங்களை நிரப்ப அந்த ஒரு நிமிடம் பொன் போல உதவும்.

ஏழாம் படி: ஒலிகள்

இணையத்தில் கிடைக்கும் ஒலிகளை எடுத்துப் போடுவதைவிடச் செய்து பார்ப்பது நல்லது. முறத்தில் கேழ்வரகைப் பரப்பி மெல்லச் சாய்த்தால் அலை; காய்ந்த பயறைத் தட்டில் சிதறவிட்டால் ஓட்டு வீட்டு மழை; குடையைப் படபடவென்று திறந்து மூடினால் பறவை எழும்பும்; பிஸ்கட் உறையைக் காதருகே கசக்கினால் அடுப்பு. குதிரைக்குக் கொட்டாங்கச்சி என்பது உலகறிந்தது. தகரத் தாளை உலுக்கினால் இடி.

எங்களுக்கு வேண்டியது விரிசல் விட்ட கடம். நல்ல கடத்தில் காகிதம் ஒட்டிப் பார்த்தோம், தாள் அதிர்ந்தது போலத்தான் இருந்தது. கடைசியில் மண்பாண்டம் செய்யும் வேளார் ஒருவர், சூளையிலேயே விரிசல் விட்டு ஒதுக்கிய பானை ஒன்றைக் காசு வாங்காமல் கொடுத்தார். தட்டிய முதல் தட்டிலேயே அறையில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பின்னணிச் சூழலுக்கு நேரம் சொல்லும் ஒலிகளைத் தேர்ந்தெடுங்கள். விடியலுக்குக் குயிலும் பால்காரரின் மணியும். கோடை மதியத்துக்கு ஒற்றைக் காகம். மழை முடிந்த இரவுக்குத் தவளை. கோயில் ஒலிபெருக்கியில் வரும் பாடல், டீக்கடை ரேடியோவின் திரைப்பாட்டு இவற்றுக்கெல்லாம் உரிமையாளர்கள் உண்டு. அனுமதி இல்லாமல் சேர்க்காதீர்கள். எங்கள் நாடகத்தில் இசையே இல்லை. கடம் ஒன்று கதையில் இருக்கும்போது அதற்குப் போட்டியாக வீணை எதற்கு?

எட்டாம் படி: தொகுப்பு

ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் போதும். முதலில் பேச்சை மட்டும் அடுக்குங்கள். ஒலியும் சூழலும் சேர்க்காமல், வெறும் குரலாகவே நாடகம் நிற்கிறதா என்று கேளுங்கள். பிறகு மௌனங்களைச் சரிசெய்யுங்கள். இரண்டு நொடி மௌனம் வானொலியில் மிக நீளம். அதைத் திருப்பத்துக்கென்று சேமித்து வையுங்கள். அதன்பின் குறிப்பிட்ட ஒலிகள், கடைசியில் சூழல். சூழல் ஒலி பேச்சைவிட 15 முதல் 20 டெசிபெல் தாழ்ந்து இருக்கலாம். காட்சி தொடங்கும்போது சற்று உரக்க வந்து, பேச்சு வந்ததும் தணிய வேண்டும். தொலைபேசிக் குரலுக்கு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டும் விட்டு மீதியை வெட்டுங்கள்.

முடிந்த கோப்பின் சராசரி ஒலிப்பு, வலையொலிக்கு (பாட்காஸ்ட்) மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (LUFS, காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பை அளக்கும் அலகு), ஒற்றைத் தடமாக (மோனோ) இருந்தால் மைனஸ் 19. வானொலி நிலையத்துக்கு அனுப்புவதானால் அவர்கள் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு ஹெட்போனைக் கழற்றுங்கள். கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில், சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கேளுங்கள். ஓடும் பஸ்ஸில் ஒருமுறை. அங்கே புரியாத வசனம் எதுவோ அதை உயர்த்துங்கள், முடியாவிட்டால் அந்த ஒரு வரிக்காக நடிகரை மறுபடி கூப்பிடுங்கள். நான் கூப்பிட்டிருக்கிறேன்.

கடைசியாக, பிரதியைப் பார்க்காத இரண்டு பேரை விளக்கணைத்த அறையில் உட்காரவைத்து முழுவதையும் கேட்கச் செய்வேன். நன்றாக இருக்கிறதா என்று கேட்பதில்லை, எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். தனித்தனியாக அழைத்து, "அப்பத்தா என்ன நிறச் சேலை கட்டியிருந்தாள்?" என்று கேட்பேன். ஒருவர் அரக்கு என்றார். இன்னொருவர், வெளுத்துப்போன பச்சை, முந்தானையில் ஒரு கிழிசல் என்றார். இருவரும் யோசிக்கவே இல்லை. மறுநாள் காலையில் கோப்பை நிலையத்துக்கு அனுப்பிவைத்தேன்.